வீசையும் கிலோவும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஓடுகிற நீரில் போகும் பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், விற்கிற பொருளுக்கும் வாங்குகிற பொருளுக்கும் அளவு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை தேடியபோது துலாக்கோலைத்தான் எடுத்துக்கொண்டார். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற அணிகலன்கள் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டன என்றும், நெல் அதே பெயருடைய மரக்காலால் அளக்கப்பட்டது என்றும் அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் திருப்பெயர். இறைவன் பெயரையே அளவைக்கு இட்டு வழங்கிய நாடு நம் நாடு.

அளவை என்பது என்ன? அது இருவருக்கிடையே உள்ள உடன்படிக்கை. விற்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் அறியாதவராக இருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே கல்லை நம்பினால் அங்கே வாணிகம் நடக்கும். கல் இரண்டானால் அங்கே கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஒருவனுக்குத் தெரிந்து மற்றவனுக்குத் தெரியாவிட்டால், தெரியாதவன் இழப்பான். கொங்கு நாட்டில் அளவைகள் மாறிய வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

கொங்கு நாட்டில் தவசம் அளக்கும் அளவைகளுள் ஒன்றுக்கு வள்ளம் என்று பெயர். நிலத்தின் பரப்பையும் வள்ளக் கணக்கில் சொல்லும் வழக்கம் இங்கு இருந்தது. ஒரு நிலத்தில் எவ்வளவு விதை விழும் என்பதைக் கொண்டு அதன் பரப்பைச் சொல்லும் விதைப்பாட்டுக் கணக்கும் தமிழகத்தின் பல பகுதிகளில் வழங்கியதுதான். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800-இல், கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏவலால் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர் சென்று, கொங்கு நாட்டு வழியே பயணம் செய்தார். பயிர், கிணறு, தறி, வரி ஆகியவற்றோடு ஆங்காங்கு வழங்கிய அளவைகளையும் அவர் குறித்துக்கொண்டு சென்றார். ஓர் ஊரின் படி மறு ஊரின் படியாக இல்லாத காலம் அது.

படிக்கணக்கில் மற்றோர் இடரும் உண்டு. படியைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா? குவித்து வாங்கித் தலைதட்டி விற்றால், படியை மாற்றாமலே பொருள் மிஞ்சும். கள்ளப் படி வேண்டியதில்லை, கைப்பழக்கமே போதும்.

எடையின் நிலையும் இதுவே. நம் பக்கத்தில் பலம், வீசை, மணங்கு என்பவை வழங்கின. மூன்று தோலா ஒரு பலம்; நாற்பது பலம் ஒரு வீசை; எட்டு வீசை ஒரு மணங்கு. இம்மணங்கு ஏறத்தாழ 25 ராத்தல். ராத்தல் என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த பவுண்டுக்கு நம்மவர் இட்ட பெயர். ஆனால் வடநாட்டில் 'மணங்கு' என்றால் நாற்பது சேர். அதனை இன்றைய கணக்கில் சொன்னால் 37 கிலோவுக்குச் சற்று மிகுதி. நம் மணங்கோ 11 கிலோ 200 கிராம். பெயர் ஒன்று, பொருள் மூன்று மடங்குக்கு மேல் வேறு! பருத்தி வாணிகத்தில் வழங்கிய 'கண்டி'யும் அப்படித்தான். சென்னைக் கண்டி இருபது மணங்கு, அதாவது சுமார் 500 ராத்தல். பம்பாய்ப் பஞ்சுக் கண்டியோ 784 ராத்தல். 784 என்ற எண் விந்தையாகத் தோன்றலாம். ஆங்கிலேயரின் 'ஹண்டிரட்வெயிட்' என்னும் எடை, பெயரளவில் நூறு என்றாலும், உண்மையில் 112 ராத்தல். அதில் ஏழு சேர்ந்தது ஒரு கண்டி.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்காக நின்றிருந்தால் கவலையில்லை. கோயமுத்தூரில் 1888-இல் ஸ்டேன்ஸ் முயற்சியால் முதல் நூற்பாலை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி நம் தோட்டங்களுக்கு வந்தது. 1930-களில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. பருத்தி கொங்கு நாட்டின் பொன்னாயிற்று. அந்தப் பொன்னை வண்டியிலேற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்த குடியானவனுக்குத் தன் காட்டு மண்ணின் குணம் தெரியும். மழையின் குறி தெரியும். ஆனால் தராசுக்கு அப்பால் நடக்கும் கணக்கு அவனுக்குத் தெரியாது. எடையில் கழிவு, சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று பிடித்தம் போனபின் எஞ்சியது அவன் கைக்கு வந்தது. இந்நிலையை மாற்றவே 1933-இல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகவே ஏற்பட்டது. சரியான தராசு, வெளிப்படையான எடை, வரையறுத்த கூலி ஆகியவையே அதன் நோக்கம். அளவை ஒழுங்கு முதலில் வந்த இடங்களுள் நம் கொங்கு நாடு ஒன்று என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி மெட்ரிக் முறையின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்நாட்டு அறிஞர்கள், எந்த மன்னனின் கைக்கும் காலுக்கும் கட்டுப்படாத ஓர் அளவை வேண்டுமென்று எண்ணினார்கள். எல்லா மக்களுக்கும் பொதுவான பொருள் எது? இந்தப் பூமிதான். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவை ஒரு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று வகுத்தார்கள். அதற்காக டெலாம்பர், மெஷேன் என்னும் இருவர் டன்கர்க் நகரிலிருந்து பார்சிலோனா வரை 1792 முதல் ஏழு ஆண்டுகள் நிலத்தை அளந்தார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் மண்ணிலும் பூமியை அளக்கும் அரும்பணி நடந்தது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவை, பத்தே ஆண்டுகளுக்குள் குமரிமுனை வரை சென்றது. அவர் அளந்த தீர்க்கரேகை வில்லின் ஒரு முனை குமரிக்கருகே இருந்தது. மறுமுனை கோவைக்கு அருகே பச்சாபாளையத்தில் நாட்டிய நிலையம். அங்கே இரவில் விண்மீன்களை நோக்கி அட்சரேகையைக் கணித்தார்கள். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டை என்ற வினாவுக்கு விடை காண உதவிய அளவைகளுள் அதுவும் ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் பூமியை அளந்து மீட்டரைக் கண்டார்கள். லாம்டன் ஆங்கில அடியைக் கொண்டு பூமியை அளந்தார். அளந்த பூமி ஒன்றே, அளவுகோல்தான் இரண்டு.

விடுதலைக்குப் பின் இந்தியா எந்த அளவுகோலை ஏற்பது என்ற வினா எழுந்தது. மகலனோபிஸ் போன்ற அறிஞர்கள் பதின்ம முறையை வலியுறுத்தினார்கள். 1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் 'நயா பைசா' புழக்கத்துக்கு வந்தது. 1956 டிசம்பரில் எடை அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் நாள் தொடங்கித் தேர்ந்த பகுதிகளிலும் தொழில்களிலும் கிலோகிராமும் மீட்டரும் படிப்படியாக நுழைந்தன. 1962-ஆம் ஆண்டோடு மாற்றத்தின் பெரும்பகுதி முடிந்தது. பல கோடி மக்கள், அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள், ஐந்தாறு ஆண்டுகளில் தம் காசையும் கல்லையும் மாற்றிக்கொண்டார்கள்!

அந்த ஆண்டுகளில் கொங்கு நாட்டுச் சந்தை ஒன்றில் வெல்லம் வாங்க நின்ற ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். கணக்குக்காக, வெல்லம் வீசை 1 ரூபாய் 5 அணாவுக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். இப்போது கடைக்காரர் கிலோக் கணக்கில் நிறுக்கிறார். விலையை நயா பைசாவில் சொல்கிறார். எது சரியான விலை? ஒரு வீசை 120 தோலா. ஒரு தோலா 11.66 கிராம், எனவே ஒரு வீசை 1 கிலோ 400 கிராம். 1 ரூபாய் 5 அணா என்பது 21 அணா. 21-ஐ 1.4 ஆல் வகுத்தால் 15. ஆகவே கிலோ 15 அணா. ரூபாய்க்கு 16 அணா. ரூபாய்க்கு 100 நயா பைசா. ஆதலால் ஓர் அணா ஆறேகால் நயா பைசா. 15 அணா 93¾, அதாவது 94 நயா பைசா. கிலோ ஒரு ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால், விலை ஏறியது என்று அப்பெண்மணிக்குத் தெரிய வேண்டும். கிலோ வீசையைவிடச் சிறியது என்பது தெரியாவிட்டால், "முன்பைவிட மலிவு" என்று மகிழ்ந்தல்லவா வீடு செல்வார்!

முழு எண்ணாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆறேகால் நயா பைசா என்று ஒரு காசு கிடையாது. ஆகையால் அரசாங்கம் மாற்று அட்டவணை வெளியிட்டது: ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. இதன்படி ஓரணாவை ஒவ்வொன்றாகப் பதினாறு முறை மாற்றினால் கிடைப்பது 96 நயா பைசா; நான்கு காசு எங்கோ போய்விடுகிறது. ஒரே முறையில் பதினாறு அணாவை மாற்றினால் முழு நூறும் கிடைக்கும். சிறுகச் சிறுக வாங்கும் ஏழைக்கே இந்த இழப்பு மிகுதி. "முதலில் கூட்டு, கடைசியில் முழு எண்ணாக்கு" என்பது மாற்றுக் கணக்கின் முதல் விதி. மாணவர்கள் இதனை மறக்கலாகாது.

சட்டம் மாறியது, சந்தை மாறியது. ஆனால் தொழில்களின் உள்ளறைகளில் பழைய அளவைகள் இன்றும் குடியிருக்கின்றன. கோவையின் பஞ்சு வாணிகத்தையே பாருங்கள். குடியானவர் பருத்தியை விற்பது குவிண்டால் கணக்கில், அதாவது 100 கிலோ. அரைத்து விதை நீக்கிய பஞ்சுக்கு விலை பேசுவது கண்டிக் கணக்கில். அந்த 784 ராத்தல் இன்று 355.62 கிலோ என்ற கோலத்தில் உயிரோடிருக்கிறது. பொதியாகக் கட்டிய பேல் 170 கிலோ. நூல் விற்பது கிலோவில். துணி விற்பது மீட்டரில். ஒரே பருத்தி, காட்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் இத்தனை அளவைகளைக் கடக்கிறது. கண்டி 60,000 ரூபாய் என்றால் கிலோ என்ன விலை? 60,000-ஐ 355.62 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 168 ரூபாய் 72 காசு. இந்த ஒரு வகுத்தலைச் செய்யத் தெரிந்தவர் நாளிதழில் வரும் பஞ்சு விலையைப் படித்துத் தம் பருத்தியின் மதிப்பை ஓரளவு தாமே அறிந்துகொள்ளலாம்.

நூலின் 'நம்பர்' இன்னும் சுவையானது. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் பொருள் என்ன? 840 கஜ நீளமுள்ள நூற்சிட்டங்கள் நாற்பது சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை என்பதே. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மெட்ரிக் வழியில் அமைந்த 'டெக்ஸ்' முறையில், ஆயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் எண். அங்கே எண் ஏற ஏற நூல் தடிக்கும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பெருக்கினால் தவறாகும், வகுக்க வேண்டும். 590.5-ஐ நம்பரால் வகுத்தால் டெக்ஸ் வரும். நாற்பதாம் நம்பர் 14.76 டெக்ஸ். ஆலையின் சோதனைச்சாலையில் 120 கஜ நூலைச் சுற்றி எடுத்து நிறுப்பார்கள். 120 கஜம் ஒரு சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒரு ராத்தல் 7,000 கிரெயின். எனவே 1,000-ஐக் கிரெயின் எடையால் வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும். 25 கிரெயின் இருந்தால் நாற்பதாம் நம்பர். தராசு கிராமுக்கு மாறியபோது சூத்திரத்தில் 1,000 போய் 64.8 வந்தது, ஏனெனில் 1,000 கிரெயின் 64.8 கிராம். நூல் கஜத்தில், எடை கிராமில், விடை பழைய நம்பரில்! இரண்டு முறைகளும் ஒரே சூத்திரத்தில் கைகோத்து நிற்பதை இங்கே காண்கிறோம்.

நிலத்துக்கு வருவோம். ஏக்கரும் சென்டும் நமக்கு வீட்டுச் சொற்கள். இவற்றின் அடியில் இருப்பது கண்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620 அளவில் வகுத்த 66 அடிச் சங்கிலி. அதில் நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. அடியும் அங்குலமும் பன்னிரண்டாகப் பெருகும் ஆங்கில முறைக்குள்ளே, நில அளவைக்காரர் தம் வசதிக்குப் பதின்மத்தை முன்பே புகுத்திவிட்டார் என்பது வியப்பன்றோ?

தமிழ்நாட்டில் 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் போது பட்டாக்கள் ஹெக்டேர்க் கணக்கில் எழுதப்பட்டன. நூறு ஏர் ஒரு ஹெக்டேர். இங்கே ஏர் என்பது உழும் ஏர் அன்று. 100 சதுர மீட்டர் கொண்ட பரப்பு. ஓர் ஏர் 2.47 சென்ட், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒரு பட்டாவில் '0 - 40.50' என்று இருக்கிறது எனக் கொள்வோம். பழக்கத்தினால் அதனை நாற்பதரைச் சென்ட் என்று ஒருவர் படித்துவிடக்கூடும். உண்மையில் அது 40.50 ஏர், 2.471 ஆல் பெருக்கினால் நூறு சென்ட், அதாவது ஓர் ஏக்கர்! அறுபது சென்ட் பூமி ஒரு வாசிப்பில் மறைந்துவிடுகிறது. பாகப்பிரிவினையின்போதோ கிரயத்தின்போதோ இந்தப் பிழை நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவின் பத்திரம் ஏக்கரில் இருக்கும். பேரனின் பட்டா ஹெக்டேரில் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் கடமை, பள்ளியில் கணக்குப் படித்த பேரனுடையதே.

படித்தவர்களும் இதில் தவறுவதுண்டு. 1983 ஜூலை 23-ஆம் நாள் கானடா நாட்டில் ஒரு பெரிய விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து தவித்தது. தொட்டியில் இருந்த லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்குரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய 1.77 என்ற எண்ணால் பெருக்கியிருந்தார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பிவிட்டது. விமானியின் திறமையால் கிம்லி என்னும் இடத்தில் பழைய ஓடுதளமொன்றில் சறுக்கி இறங்கியது, உயிர்கள் பிழைத்தன. பெருக்கல் சரியாகவே இருந்தது. எண்ணுக்குப் பின்னால் நின்ற அலகுதான் பிழை.

இன்று இவ்விரு முறைகளுக்குமிடையே உண்மையில் போட்டி இல்லை. 1959-இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் கூடி, ஒரு கஜம் 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோ என்று உறுதி செய்துகொண்டன. ஆகவே ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். கஜமே இன்று மீட்டரை ஊன்றித்தான் நிற்கிறது. கிலோவுக்குரிய மூலக்கல்லாகப் பாரிசுக்கருகே ஓர் உலோக உருளை இருந்தது; அதன் 57-ஆம் எண் படி புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அளிக்கப்பட்டது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கும் ஓய்வு கிடைத்தது. இயற்கையின் மாறா எண் ஒன்றே கிலோவை வரையறுக்கிறது. மன்னன் கையிலிருந்து பூமிக்கும், பூமியிலிருந்து உலோகத்துக்கும், உலோகத்திலிருந்து இயற்கை விதிக்கும் அளவை நடந்து வந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! மாற்று எண்களையெல்லாம் நெட்டுருச் செய்ய வேண்டும் என்பதில்லை. சிலவற்றைக் கைவசம் வைத்துக்கொண்டால் போதும்: அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர், ராத்தலுக்கு 454 கிராம், ஏருக்கு 2.47 சென்ட், குதிரைத்திறனுக்கு 746 வாட். நம் கோவைப் பம்புகளின் தகட்டில் 5 குதிரைத்திறன் என்பதற்குப் பக்கத்தில் 3.7 கிலோவாட் என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். எந்தக் கணக்கையும் தொடங்கும் முன், விடை பெரிதாக வேண்டுமா சிறிதாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய அலகுக்கு மாறினால் எண் பெருகும்; பெரிய அலகுக்கு மாறினால் எண் குறையும். எண்ணை எழுதும் இடமெல்லாம் அலகையும் எழுதுங்கள்.

வீட்டிலே பாட்டியார் வள்ளம் என்றும் படி என்றும் சொல்லும்போது நகைக்காதீர்கள். அது எவ்வளவு என்று கேட்டு, ஒரு நாள் அந்தப் படியில் அரிசியை அளந்து கிலோத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதே படியில் ராகியையும் நிறுத்தால், படி என்பது இடத்தின் அளவு, கிலோ என்பது எடையின் அளவு என்ற உண்மை உங்கள் கண்முன் விளங்கும். பின்னர் வீட்டுப் பட்டாவை எடுத்து ஏரைச் சென்டாக்கிப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் தராசுக்கு அப்பால் நடந்த கணக்கு, இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதே கற்றவர் செய்ய வேண்டிய அறமாகும்.